கல்லும் படமும் பெயரும்

நாலடியாரின் 400 பாடல்களையும் படிக்க நேரம் கிடைக்காதவர்கள், அதன் முதல் நான்கு அதிகாரங்களின் தலைப்புகளை மட்டுமாவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை, அறன் வலியுறுத்தல். கையில் உள்ள பணம் நிற்காது, உடம்பில் உள்ள வயது நிற்காது, அந்த உடம்பே நிற்காது என்று முப்பது பாடல்கள் அடுக்கடுக்காக வருகின்றன. அதோடு முடிந்திருந்தால் கேட்டவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். சமண முனிவர்கள் பாடிய அந்தப் பாடல்களை அதிகாரங்களாக வகுத்தவர் பதுமனார் என்பார்கள். அவர் யாரையும் உட்கார விடவில்லை. எதுவும் நிற்காது என்று தெரிந்துவிட்டதா, அப்படியானால் அறத்தை இன்றைக்கே செய் என்று நான்காவது அதிகாரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்.

இன்றைய பேச்சும் அந்த நான்கு அதிகாரங்களின் வழியாகவே நடக்கிறது. போகும் இடம் இடுகாடு. கூட வருபவர்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே போனவர்கள். அவர்களில் பலர் ஆன்மிகம் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனால் அவர்கள் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், நாலடியார் சொன்ன பாடம் ஐரோப்பாவிலும் இலங்கை மலையிலும் சயாம் காட்டிலும் எழுதிக்கிடப்பது தெரியும்.

மயானத்தைக் கண்ணெடுத்துப் பார்ப்பது நம் மரபுக்குப் புதிய பழக்கமன்று. இடுகாட்டில் கிடக்கும் உடலை ஒன்பது நிலைகளில் எண்ணிப் பார்க்கும்படி பிக்குகளுக்குச் சொல்கிறது பௌத்தத்தின் சதிபட்டான சூத்திரம். வீங்கி நிறம் மாறிய உடலில் தொடங்கி, எலும்பு வெளுத்துப் பொடியாகும் வரை அந்தத் தியானம் போகிறது. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிய ஒரு காதையே உண்டு. புகார் நகரத்தின் அந்த மயானத்தில் சிலர் உடலைச் சுட்டார்கள், சிலர் அப்படியே இட்டார்கள், சிலர் குழி தோண்டிப் புதைத்தார்கள், சிலர் தாழ்ந்த இடத்தில் வைத்து அடைத்தார்கள், சிலர் தாழியால் மூடினார்கள் என்று அந்தக் காப்பியத்தைப் பாடிய சாத்தனார் ஐந்து முறைகளையும் கணக்கெடுத்ததுபோல் பட்டியலிடுகிறார். காரைக்கால் அம்மையாரோ திருவாலங்காட்டுச் சுடலையிலேயே போய் அமர்ந்தார். பேயும் நரியும் பருந்தும் திரியும் அந்த இடத்தை முகம் சுளிக்காமல் பார்த்தார், பார்த்ததைப் பாடினார். ஈசன் ஆடும் அரங்கு அதுதான் என்று கண்டுகொண்டார்.

அம்மையாரிடம் இருந்தது கண்ணும் பாட்டும். 19-ஆம் நூற்றாண்டில் மனிதனுக்குப் பார்ப்பதற்கு இன்னொரு கருவி கிடைத்தது. அந்தக் கருவி தொடக்கத்திலேயே நிலையாமையைப் பிடித்துக் காட்டிவிட்டது. 1838-இல் பாரிஸ் நகரத்தில் லூயி தாகேர் தம் சன்னலிலிருந்து கீழே தெரிந்த பெரிய சாலையைப் படமெடுத்தார். தகட்டில் படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் சாலையில் வண்டிகள் ஓடின, மக்கள் நடந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. கட்டடம் இருக்கிறது, மரம் இருக்கிறது, நடமாடிய ஊர் முழுவதும் மறைந்துவிட்டது. காலணியை மெருகேற்றிக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவரும், குனிந்து மெருகு போட்டவரும் மட்டும் மங்கலாகத் தெரிகிறார்கள். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் என்று அவர்களைச் சொல்கிறார்கள். அவர்கள் யார் என்பது உலகத்துக்குத் தெரியாது.

செல்வம்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் கிரேஃபிரையர்ஸ் என்ற பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1843 முதல் 1847 வரையிலான ஆண்டுகளில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியரும் ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞரும் சேர்ந்து ஏறத்தாழ 3,000 படங்கள் எடுத்தார்கள். கல்லறைகளைக் கலைக்கண்ணோடு படமெடுத்த முதல் சிலரில் இவர்களும் உண்டு. காகிதத்தில் படம் பதியும் கலோடைப் முறை அது. நல்ல வெயில் வேண்டும், எதிரே இருப்பது அசையவும் கூடாது. கிரேஃபிரையர்ஸில் இரண்டும் கிடைத்தன. நண்பர்களைக் கல்லறைச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். உயிருள்ளவர்கள் ஆடாமல் நிற்பதற்கு இறந்தவர்களின் கல் துணையாயிற்று.

அந்தப் படங்களில் தெரிகிற நினைவு மண்டபங்கள் எளியவை அல்ல. தூண்களும் வளைவுகளும் சிற்பங்களும் குலச் சின்னங்களும் பொறித்து, நகரத்தின் செல்வர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை. அதே தோட்டத்தில் கல்லறைக்கு மேல் இரும்புக் கூண்டு போட்ட இடங்களும் உண்டு. புதைத்த உடலை இரவில் தோண்டி எடுத்து உடற்கூறு பயிற்றும் கல்லூரிகளுக்கு விற்கும் கூட்டம் அந்தக் காலத்தில் இருந்தது. அதற்கு அஞ்சி, வசதி உள்ளவர்கள் செத்த பிறகும் உடலுக்குக் காவல் போட்டார்கள். கூண்டு இன்னும் நிற்கிறது. அது காத்த உடல் மண்ணோடு மண்ணாகி எத்தனையோ காலம் ஆயிற்று.

செலவழித்துச் செதுக்கிய கல்லாவது நிலைக்குமா? பழைய கல்லறைகளைப் படமெடுப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மணற்கல் ஏடு ஏடாக உரியும். சுண்ணாம்புக்கல்லை மழையின் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பளிங்கின் மேல்தோல் சர்க்கரைபோல் உதிரும். உச்சி வெயிலில் போய் நின்றால் பல கற்களில் எழுத்து இருந்த அடையாளமே தெரியாது. அவர்கள் விடியற்காலையிலோ மாலையிலோ போகிறார்கள். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது, தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் மெல்லிய நிழல் விழுந்து பெயர் எழுந்து வரும். மரநிழலில் இருக்கும் கல்லுக்கு ஒருவர் தள்ளி நின்று நிலைக்கண்ணாடியைப் பிடித்து, வெயிலைச் சாய்வாகத் திருப்பி அனுப்புவார். கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், எழுத்தில் சுண்ணக்கட்டி பூசுவதும் தவறு என்பது அவர்களுக்குள் உள்ள கட்டுப்பாடு. படிக்கும் ஆசையில் கல்லைத் தேய்த்தால், அடுத்த தலைமுறைக்குப் படிக்க எழுத்து மிஞ்சாது.

நம்மூர்க் கல்வெட்டாளர்களுக்கும் இந்த உழைப்பு தெரியும். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படி, புகைப்படத்துக்கு அண்ணன் முறை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் சங்ககாலத்து நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் போரில் இறந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல். தமிழ் பிராமி எழுத்தில் சில சொற்கள் மட்டுமே. மண்டபமும் தூணும் குலச் சின்னமும் அதில் இல்லை. மாடு பிடிக்கப் போன பூசலில் இறந்த ஒருவனின் பெயர் 2,000 ஆண்டுகளுக்கு மேல் தாண்டி வந்துவிட்டது. பெருஞ்செல்வர் கட்டிய மண்டபத்தின் எழுத்தோ 200 ஆண்டுகளில் உரிந்து விழுகிறது. எது தங்கும் எது போகும் என்பதைப் பணம் முடிவு செய்வதில்லை.

இளமை

ஹில், ஆடம்சன் இருவரையும் சேர்த்துவைத்தது ஒரு மதப் பிளவு. 1843 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து 400-க்கும் மேற்பட்ட போதகர்கள் மனச்சாட்சிக்காக வெளியேறினார்கள். வீட்டையும் சம்பளத்தையும் ஒரே நாளில் விட்டுவிட்டு நடந்தார்கள். அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்ட ஹில் ஆசைப்பட்டார். நூற்றுக்கணக்கான முகங்களை எப்படி நினைவில் வைப்பது? புகைப்படம் எடுத்துக்கொள் என்று அறிவியலறிஞர் டேவிட் புரூஸ்டர் யோசனை சொன்னார். அப்படித்தான் இளம் ஆடம்சன் வந்து சேர்ந்தார். ஹில்லுக்குக் கலைக்கண் இருந்தது, ஆடம்சனுக்கு ரசாயனம் கைவந்திருந்தது. காகிதத்தில் வெள்ளி உப்பைப் பூசுவது, பதிந்த படத்தை வெளிக்கொணர்வது, அதை நிலைநிறுத்துவது எல்லாம் அவர் வேலை.

உலகம் முழுவதும் புகைப்படக் கலைஞர்கள் இன்றைக்கும் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்: படத்தை நிலைநிறுத்துதல். வெளிச்சத்தில் கறுத்துப் போகாமல் படத்தைக் காப்பாற்றும் வேலை அது. ஆயிரக்கணக்கான முகங்களை அப்படி நிலைநிறுத்திய ஆடம்சன் 1848 சனவரியில் இறந்துபோனார். அவருக்கு வயது 26. கூட்டு வேலை நான்கரை ஆண்டுகளில் முடிந்தது. ஹில்லின் ஓவியம் 1866 வரை இழுத்தது. 23 ஆண்டுகள் அந்தத் துணியின் முன்னால் அவர் நின்றார். அவரும் 1870-இல் போய்ச் சேர்ந்தார். எடின்பரோவின் டீன் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறையின் மேல் இருக்கும் மார்பளவுச் சிலையை வடித்தவர், அவருடைய மனைவியும் சிற்பியுமான அமேலியா.

இளமை நிலையாமையைப் பாடிய முனிவர்கள் முதுமையில் அறம் செய்யலாம் என்று காத்திருக்காதே என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆடம்சன் அப்படிக் காத்திருந்தால் அந்த 3,000 படங்களில் ஒன்றும் கிடைத்திருக்காது.

யாக்கை

பாரிஸ் நகரத்துக்கு அடியில் இன்னொரு பாரிஸ் இருக்கிறது. நகரத்தின் நடுவே இருந்த புனித மாசற்றோர் இடுகாடு நூற்றாண்டுக் கணக்கில் புதைத்துப் புதைத்து நிரம்பி வழிந்தது. 1780-இல் அதை மூடினார்கள். 1786 முதல், பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு எலும்புகளை வண்டி வண்டியாக மாற்றினார்கள். இரவு நேரங்களில், கறுப்புத் துணி போர்த்திய வண்டிகள் போக, பாதிரியார்கள் ஜபம் சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். மற்ற இடுகாடுகளின் எலும்புகளும் அடுத்தடுத்து வந்தன. ஏறத்தாழ 60 லட்சம் மனிதர்களின் எலும்புகள் அங்கே இருப்பதாகக் கணக்கு. தொடை எலும்புகளைச் சுவர்போல் அடுக்கி, நடுநடுவே மண்டையோடுகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். எந்த எலும்பு எந்தக் குடும்பத்தது என்று சொல்ல வழியில்லை. அரண்மனைச் சேவகனும் மீன் விற்றவளும் பிறந்த மூன்றாம் நாள் இறந்த குழந்தையும் அந்தச் சுவருக்குள் ஒன்றாக இருக்கிறார்கள்.

1861-இல் நாடார் என்ற புகழ்பெற்ற பாரிஸ் புகைப்படக்காரர் கேமராவோடு அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கினார். அங்கே வெயில் கிடையாது. மின்கலங்களைக் கொண்டு மின்வில் விளக்கைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் எடுத்தார். நிலத்தடியில் செயற்கை ஒளியில் எடுத்த முதல் படங்களில் அவையும் அடங்கும். சில படங்களுக்கு 18 நிமிடங்கள் வரை கேமராவைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. எலும்பு அடுக்கும் தொழிலாளியும் படத்தில் இருக்க வேண்டும் என்று நாடார் விரும்பினார். ஆனால் எந்த மனிதனால் 18 நிமிடம் அசையாமல் நிற்க முடியும்? மூச்சு விட்டாலே உருவம் கலையும். கடைசியில் தொழிலாளியின் உடையை ஒரு பொம்மைக்கு மாட்டி நிறுத்தினார். அந்தப் படங்களில் எலும்புகள் உண்மையானவை, தள்ளுவண்டி உண்மையானது, மனிதன் மட்டும் பொம்மை.

யாக்கை நிலையாமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மூச்சு ஓடும்வரை உடம்பு அசைந்துகொண்டே இருக்கும், அசைவதை அந்தத் தகடு ஏற்காது. மூச்சு நின்ற பிறகு தகடு ஏற்றுக்கொள்ளும், அப்போது அங்கே இருப்பவர் யாரென்று தெரியாது. புகழின் உச்சியில் இருந்த எத்தனையோ பேரை எதிரே உட்காரவைத்துப் படமெடுத்த நாடாரும் 1910-இல் காலமானார். பாரிஸின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் இருக்கிறார். இன்று அங்கே வருகிற பயணிகள் செல்பேசியால் அவர் கல்லைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அறம்

மூன்று அதிகாரம் முடிந்தது. எல்லாம் போகும் என்பதில் ஐயம் இல்லை. அப்படியானால் கல்லறையைப் படமெடுத்து என்ன ஆகப்போகிறது? கல்லும் தேயும், காகிதமும் மங்கும். இந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மனிதர் வருகிறார்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது ஃபேபியன் வேர் என்ற ஆங்கிலேயருக்கு வயது 45. முன்பு செய்தித்தாள் ஆசிரியராக இருந்தவர். படையில் சேரும் வயதைக் கடந்துவிட்டார். செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகனப் பிரிவு ஒன்றுக்குத் தலைவராகப் பிரான்சுக்குப் போனார். காயம்பட்டவர்களைத் தேடி வயல்வெளியெல்லாம் சுற்றும்போது அவர் கண்ணில் பட்டவை அவசர அவசரமாகத் தோண்டிய புதைகுழிகள். சில இடங்களில் மரச்சிலுவை, பென்சிலில் எழுதிய பெயர். ஒரு மழைக்காலம் போனால் பெயர் இருக்காது. யாரும் கேட்காமலே வேரின் குழு அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளத் தொடங்கியது. 1915 மார்ச்சில் படைத்தலைமை அதை முறையான பணியாக ஏற்றது. 1916 மே மாதத்துக்குள் 50,000 கல்லறைகள் பதிவாகிவிட்டன.

அப்போது வீடுகளிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்பது அரசின் முடிவு. போர் நடக்கும் மண்ணுக்கு அன்னையர் போகவும் முடியாது. என் பையனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். அவர்களுக்காகக் கல்லறைகளைப் படமெடுக்க ஏற்பாடாயிற்று. ஓர் அட்டையில் படம், கீழே பெயர், படைப்பிரிவு, கல்லறை இருக்கும் இடம், அருகிலுள்ள ரயில் நிலையம். 1917-க்குள் 10,000-க்கும் மேற்பட்ட படங்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பின்னால் நடந்த சண்டைகளில் குண்டு விழுந்து சில கல்லறைகளே இல்லாமல் போயின. அந்தக் குடும்பங்களுக்கு மிஞ்சியது அட்டையில் ஒட்டிய அந்தப் படம்தான்.

அன்பர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். படத்தின் கீழே இறந்தவரின் பெயர் இருக்கிறது. எடுத்தவரின் பெயர் இல்லை. முன்பின் அறியாத ஒரு தாய்க்காக, முன்பின் அறியாத ஒருவனின் மரச்சிலுவைக்கு எதிரே முக்காலியை ஊன்றி நின்ற அந்த மனிதர் யார்? பெயரைக் காக்கும் வேலையைச் செய்தவர் தம் பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை. பலன் கருதாத தொண்டு என்று நம் பெரியோர் சொன்னது இந்தச் செயலுக்கும் பொருந்தும்.

1917-இல் போர்க் கல்லறைகள் ஆணையம் அமைந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தலைவர் ஃபிரடெரிக் கென்யன் 1918-இல் தந்த அறிக்கையின்படி, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவில் ஒரே மாதிரியான கல் என்று முடிவாயிற்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தனி மண்டபம் கட்டிக்கொள்ள அனுமதி மறுத்தார்கள். கல்லில் பொறிக்க வேண்டிய வாசகங்களுக்கு ஆலோசனை சொன்னவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். அவருடைய ஒரே மகன் ஜான் 18 வயதில் 1915-இல் லூஸ் சண்டையில் காணாமல் போனவன். ஊரார் பிள்ளைகளின் கல்லறைகளுக்காகக் கடைசிவரை உழைத்த கிப்ளிங், 1936-இல் கண்மூடும்வரை தம் பிள்ளையின் கல்லறையைக் காணவில்லை.

கல்லறை இல்லாதவர்கள்

எரிக்கும் வழக்கமுள்ள நமக்கு இங்கே ஒரு கேள்வி எழும். காடாற்றிச் சாம்பலைக் கரைத்துவிட்டால் படமெடுக்கக் கல்லேது?

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்தப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிரைட்டனுக்குக் கொண்டுவந்து மருத்துவம் பார்த்தார்கள். அங்கே இறந்த இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரை ஊருக்கு வெளியே புல்வெளிக் குன்றில் அவரவர் முறைப்படி எரித்தார்கள். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். இஸ்லாமியர்களை வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். எரித்த இடத்தில் வெண்பளிங்கில் ‘சத்திரி’ என்ற குடைவடிவ மண்டபம் எழுந்து 1921-இல் திறப்பு விழா கண்டது. அழகான மண்டபம், ஆயிரக்கணக்கானோர் படமெடுத்த மண்டபம். அதில் ஒரு சிப்பாயின் பெயர்கூட இல்லை. 53 பெயர்களையும் பொறித்த கல் அதன் பக்கத்தில் வந்தது 2010-இல். அவர்களுக்காக அங்கே பெயர் வாசிக்க 90 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இன்னும் வலிப்பது சயாம் மரண ரயில். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942, 1943-இல் காட்டை வெட்டிப் போட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தார்கள், 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கூலி தருவதாக ஆசை காட்டியும் பலவந்தமாகவும் ஏற்றிச்சென்ற தமிழர்கள், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் என்று ஆசியத் தொழிலாளர்கள் அதைவிட மிகப் பலர். அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். வாந்திபேதி, மலேரியா, பசி, அடி.

போர்க்கைதிகள் தங்களுக்குள் இறந்தவர்களின் பெயரையும் புதைத்த இடத்தையும் மறைவாக எழுதி வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டு பாதை நெடுகத் தேடி எடுத்து மூன்று கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்தார்கள். காஞ்சனபுரியில் உள்ள தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். வெட்டிய புல், பூச்செடி, வரிசை மாறாத பெயர்ப்பலகைகள். அங்கே போய்ப் படமெடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. அந்தச் சட்டகத்துக்கு வெளியே, மூங்கில் காட்டிலும் ஆற்றங்கரையிலும் பொதுக்குழிகளில் கிடக்கிறார்கள் தோட்டத்து முனியாண்டிகளும் மாரியம்மாள்களும். அவர்களின் பெயரை எழுதிவைக்க ஏட்டையும் பென்சிலையும் யாரும் எடுக்கவில்லை. ஒரே பாதை, ஒரே காய்ச்சல், ஒரே மண். வேறுபாடு இறந்தவர்களிடம் இல்லை, எழுதியவர்கள் இருந்தார்களா இல்லையா என்பதில் இருந்தது.

சமமான கல் என்று உறுதி எடுத்த ஆணையமும் இதில் தவறியது. 2021 ஏப்ரலில் அதன் சிறப்புக் குழு தன் அறிக்கையில் வெளிப்படையாகச் சொன்னது: முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சொல்லியோ அல்லது எவ்விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பெயர்களைத் தேடும் வேலை நூறு ஆண்டுகள் கழித்துத் தொடங்கியிருக்கிறது.

படம் இருந்தும் பெயர் இல்லாத நிலையும் உண்டு. கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், 1875-இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். அங்கே உழைப்பாளி மக்களைப் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்கள், அறிஞர்களின் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது. இலங்கையில் எடுத்தவற்றில் பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. அந்த முகங்கள் இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. யார் பெற்ற பிள்ளை, எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. 1879-இல் இறந்த கேமரனின் கல்லறை மலையகத்தில் பொகவந்தலாவை தேவாலயத்தில் உள்ளது. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். அந்த மலையை வெட்டிப் பண்படுத்தி இறந்த தலைமுறைகளில் பலருக்குக் கல் இல்லை, தேயிலைச் செடிதான் அடையாளம் என்று மலையக மக்கள் சொல்வார்கள்.

செய்ய வேண்டியவை

ஆக, எது நிலைக்கிறது? கல் நிலைக்கவில்லை, படமும் தானாக நிலைக்கவில்லை. பெயர் தங்கிய இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் தமக்கு ஒரு லாபமும் இல்லாமல் அதைச் சுமந்திருக்கிறார். வேரின் குழு சுமந்தது, காட்டுக்குள் ஏட்டை ஒளித்துவைத்த கைதி சுமந்தார், புலிமான்கோம்பையில் கல்லை நட்ட ஊரார் சுமந்தார்கள். நான்காவது அதிகாரத்துக்கு அதுவே உயிர். தாம் செய்வதும் ஒருநாள் அழியும் என்று தெரிந்தும் செய்தார்கள். அழியும் என்பதால்தான் தள்ளிப்போடாமல் செய்தார்கள்.

அமாவாசைத் தர்ப்பணத்தில் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். பாட்டிகளின் பெயரும் அதில் உண்டு. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறையைக் கழுவிப் பூவும் மெழுகுவத்தியும் வைக்கிறார்கள். இஸ்லாமியர்கள் கபரடியில் நின்று துஆ கேட்கிறார்கள். வழி எதுவானாலும், பெயர் மறந்தவர்களுக்கும் சேர்த்துச் செய்ய நம்மால் முடியும். இன்னும் பல கிராமங்களில் சாதிக்கொரு மயானம் இருக்கிறது. எலும்பை அடுக்கிய பாரிஸ் சுரங்கத்தில் இல்லாத பிரிவினையை நாம் ஏன் சுடலை வரை தூக்கிச் செல்ல வேண்டும்? இதை மாற்றும் முயற்சி எந்த ஊரில் நடந்தாலும் பக்தர்கள் முன்னால் நிற்க வேண்டும்.

இளைஞர்கள் கையில் செல்பேசி இருக்கிறது. ஊரில் பழைய கல்லறை, நடுகல், சமாதி எதுவானாலும், குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, காலை வெயிலில் போய்ப் படமெடுங்கள். கல்லைத் தேய்க்க வேண்டாம், எண்ணெயோ சுண்ணாம்போ பூச வேண்டாம். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் படித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெட்டியில் பெயர் எழுதாத பழைய படங்கள் கிடக்கும். அவற்றை எடுத்து வீட்டில் மூத்தவரின் மடியில் வையுங்கள். ஒவ்வொருவரும் யார் என்று கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். அந்தப் பெயர்கள் தெரிந்தவர் இன்றைக்கு உங்களோடு இருக்கிறார். இந்த வாரமே கேளுங்கள்.